கல்யாணத்துக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து

மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் தெரிந்தது, சத்தம் நின்றதுதான்.

அதுவரை மண்டபத்தில் நல்ல இரைச்சல். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள் பாதிப் பேர். தலைமுடியிலும் புருவத்திலும் பழுப்புத் தூசி. கேசரித் தட்டுகள் கைமாறிப் போய்க்கொண்டிருந்தன. என் கழுத்திலிருந்த சம்பங்கி மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார்கள். அது சொட்டிச் சொட்டி ரவிக்கைத் தோளை நனைத்துக்கொண்டிருந்தது.

இரைச்சல் முன்வரிசையில் நின்று, கடைசி வரிசை வரைக்கும் அடங்கிப் போயிற்று.

முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு சுவர்க் கடிகாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை உரக்கப் படித்து முடித்திருந்தார். படித்ததோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். தமிழிலும் சொன்னார்.

"இந்தச் சந்தோஷமான நாள் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரட்டும்."

விடிந்தால் எனக்குக் கல்யாணம். இரண்டாவது கல்யாணம்.

லீவு கேட்டு வந்தவர்

எழுபதுகளின் பின்பாதி அது. என் முதல் கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதால் கருணை அடிப்படையில் ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து அம்மா துணைக்கு வந்தாள். சின்ன குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு முந்திரி மரம், எந்நேரமும் ஜன்னல் கம்பியில் படியும் தூசி. அவ்வளவுதான் வாழ்க்கை என்று இருவருமே முடிவு கட்டியிருந்தோம்.

டவுன்ஷிப்பில் யாரும் என்னை வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லவர்கள். ஆனால் பிளாக்கில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அழைப்பிதழ் கொடுக்க வருகிறவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

வேலாயுதம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குறிஞ்சிப்பாடிக்காரர், தறிக்காரக் குடும்பம். லீவு விண்ணப்பத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். தறிக்குப் பாவு போட அண்ணனுக்கு ஆள் இல்லை, இரண்டு நாள் லீவு வேண்டும், பாவுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஹெட் கிளார்க்கைக் கேட்டோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்துவிட்டு, "டொமஸ்டிக் ஒர்க்னு போடு. வீட்டுக்குள்ள நடக்கறது எல்லாமே டொமஸ்டிக்" என்றார்.

பாவு வீட்டுக்குள் போடுவதில்லை, நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவது என்று வேலாயுதம் சொல்லப் போக, தெரு ஆங்கிலத்தில் இல்லை என்று ஹெட் கிளார்க் முடித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதை அவர் கவனித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ராமபத்திரன் சாரின் ஆங்கிலம்

ஹெட் கிளார்க்கின் பெயர் ராமபத்திரன். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கடிகாரத்தின் கதை விளங்காது.

கும்பகோணத்துப் பக்கம். ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் பச்சை மசிப் பேனா. அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வெளியே போனாலும் அவர் பார்வை பட்டுத்தான் போகும். 'டிஸ்கஸ் அபௌட்' என்று எவனாவது எழுதிவிட்டால் 'அபௌட்'டைப் பேனாவால் குத்திக் கிழிப்பார். 'ரிட்டர்ன் பேக்' என்று எழுதினாலோ அன்று முழுக்கப் பாட்டுத்தான். "ரிட்டர்ன்னாலே திரும்பறதுதானேய்யா. பேக் எதுக்கு? முதுகாலயா திரும்பப் போறான்?"

இத்தனை கறார் மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். வாழ்த்து என்று வந்துவிட்டால் அவரிடம் இருந்தது ஒரே வாக்கியம்: 'மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் த டே.' இளவயதில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பிறந்தநாளுக்கு வந்த அட்டையைக் காட்டியிருக்கிறார். அந்த வாக்கியத்தின் ஓசை அவருக்குள் இறங்கிவிட்டது. நல்ல நாள் என்றால் அதுதான். புதுமனைப் புகுவிழா, காதுகுத்து, பிரமோஷன் எல்லாவற்றுக்கும் அதையே எழுதுவார்.

ஒருமுறை ஸ்டோர் கீப்பர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டிலும் இதே வாக்கியத்தைப் பொறிக்கச் சொல்லிவிட்டார். அந்த மனிதரின் கணக்கை முடிப்பதில் ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போய், வாரா வாரம் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். என்ன சார் மறுபடியும் என்று கேட்டால், "நீங்கதான தட்டுலயே எழுதிக் குடுத்தீங்க, திரும்பத் திரும்ப வரணும்னு" என்பார். எல்லோரும் சிரித்தோம். ராமபத்திரன் சாரும் சிரித்தார். ஆனால் வாக்கியத்தை மாற்றவில்லை.

ஆங்கிலத்தில் அது பிறந்தநாளைப் போல வருஷா வருஷம் வருகிற நாளுக்குச் சொல்வது. அந்த நாள் இன்னும் பலமுறை வர நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது பொருள். கல்யாணத்துக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று அதுவரை அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்ததில்லை. முதல் கல்யாணங்களாகவே நடந்துகொண்டிருந்ததால் யோசிக்கத் தேவையும் வரவில்லை.

என் நிபந்தனை

வேலாயுதம் என்னைக் கேட்டது டைப்பிங் அறையில். ஸ்டென்சில் மை வாசனைக்கு நடுவில், ஒரு ஸ்பானரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். உங்கள் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அண்ணன் சம்மதிக்கவில்லை, ஆனாலும் நான் உறுதியாக இருக்கிறேன் என்றார்.

அவருடைய அண்ணன் தெய்வசிகாமணி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தறியில் உட்கார்ந்து நெய்துதான் ஐ.டி.ஐ. படிக்க வைத்தார்.

அண்ணன் வந்து நிற்காமல் நான் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. முதல் கணவர் போன மறுவாரம், அவர் வீட்டார் என் முகத்தில் விழிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போனார்கள். ஒரு குடும்பத்துக்கு வேண்டாதவளாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அது முடியாது.

வேலாயுதம் பல மாதம் குறிஞ்சிப்பாடிக்கும் நெய்வேலிக்கும் அலைந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெய்வசிகாமணி எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். கட்டையான ஆள், வெற்றிலைக் காவி படிந்த உதடு. காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தறிச் சத்தம் ஒனக்கு ஒத்துக்குமாம்மா? நம்ம வூட்ல காலைல இருந்தே கேட்டுக்கினு இருக்கும்."

ஒத்துக்கும் என்றேன். எழுந்து போய்விட்டார். அதுதான் சம்மதம் என்று வேலாயுதம் விளக்கிச் சொன்ன பிறகே எங்களுக்குப் புரிந்தது. அம்மா பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வெகு நேரம் திரும்பவே இல்லை.

காலையில் கோவிலில் தாலி கட்டுவது, முந்தின நாள் மாலை டவுன்ஷிப் மண்டபத்தில் சின்னதாக ஒரு வரவேற்பு என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார்கள். வாசகம் எழுதித் தந்தவர் ராமபத்திரன் சார். சுரங்கத்து வண்டிகளுக்கு நம்பரும் அபாயப் பலகையும் எழுதுகிற பெயிண்டர் அந்தோணி அதைக் கண்ணாடியில் எழுதினார். அன்று மத்தியானம்தான் எழுதியது. பெயிண்ட் சரியாகக் காயக்கூட இல்லை.

படித்தவர் மேல்பட்டாம்பாக்கம் மாமா

கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தவர், மாப்பிள்ளைக்கு மாமா முறை, மேல்பட்டாம்பாக்கம். ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சம்பந்தம் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் தங்கள் பக்கத்தில் இருக்கிறார் என்ற பெருமையில் யாரோ அவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் மொழிபெயர்த்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் வினை.

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னா, எங்கள வெச்சி வெளையாடறாங்களா? எம் தம்பி நாளைக்கிப் போயிட்டு, இந்தப் பொண்ணுக்கு இன்னொரு தபா இந்த மாதிரி ஒக்காரணும்னு எழுதிக்கினு வந்திருக்காங்க. வேலு, எறங்குடா. வூட்டுக்குப் போலாம்."

என் பக்கத்தில் வேலாயுதம் எழுந்துவிட்டார். இறங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அவர் கழுத்து மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா கீழே தூணைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வாசலைத் தாண்டினால் இந்தக் கல்யாணம் இல்லை. நிபந்தனை போட்டவளே நான்தானே.

அந்த நேரம் பார்த்து ராமபத்திரன் சார் முன்னால் வந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராக மாமாவிடம் போய்க் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டி, இது வழக்கத்தில் உள்ள வாக்கியம், எல்லாச் சுப தினத்துக்கும் எழுதலாம் என்று விளக்க ஆரம்பித்தார். மாமாவும் விடவில்லை. ரிட்டர்ன்ஸ் என்றால் ஒருமையா பன்மையா என்று கேட்டார். பன்மைதான் என்று ஒப்புக்கொண்டார் ராமபத்திரன் சார். அப்படியானால் எத்தனை தடவை என்றார் மாமா.

ராமபத்திரன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு, உலகத்திலேயே மிக முக்கியமான விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்: "ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்ல, பாருங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கத்தான் பார்த்தேன். மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சம்பங்கி மூக்கில் ஏறித் தும்மல் வேறு வந்தது. தும்மலும் சிரிப்புமாக மேடையில் நான் குலுங்கிய குலுங்கலில், பெண் அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கீழே இருந்து அம்மா, "ஏட்டி கோமதி, சும்மா இரி" என்று பல்லைக் கடித்தாள்.

நான் சொன்னது

தெய்வசிகாமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் ஒரு பெண் அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சிரித்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது. வாசல் பக்கம் திரும்பிய கால் அப்படியே நின்றது.

நான் மேடையை விட்டு இறங்கினேன். கல்யாணப் பெண் இறங்கக் கூடாதுதான். கூடாத காரியத்தை நடத்திக்கொண்டிருக்கிற மண்டபத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். தெய்வசிகாமணி முன்னால் போய் நின்றேன்.

அது பிறந்தநாளைக்கு எழுதுகிற வாக்கியம், ராமபத்திரன் சாருக்கு அது ஒன்றுதான் தெரியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்தார், கிண்டல் இல்லை என்று முதலில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அதன் பிறகு சொன்னதை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"எனக்கு இந்த நாள் திரும்பி வந்திருக்கு. வந்திருக்கவே கூடாது, ஆனா வந்திருச்சு. இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி கேசரி சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அந்தக் கண்ணாடி ஒண்ணுதான் வாயைத் திறந்து சொல்லிச்சு. இன்னொரு தடவ வர வேண்டாம்னு எனக்கும்தான் ஆசை. அதனாலதான் நீங்க நிக்கணும்னு கேட்டேன்."

மேல்பட்டாம்பாக்கம் மாமா கடிகாரத்தை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மறுபடி முகத்தைத் துடைத்தார்.

"அந்த எழுத்த அழிக்க முடியுமா?" என்று கேட்டார்.

அழிப்பதற்கு ஒரு கமிட்டி

பின்வரிசையில் பதுங்கியிருந்த அந்தோணி எழுந்தார். பெயிண்ட் ஈரம்தான், மண்ணெண்ணெய்த் துணி இருந்தால் போதும் என்றார். சமையல்காரரின் ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. பாயாசத்தின் ஏலக்காய் மணத்தையும் மண்ணெண்ணெய் நாற்றத்தையும் சேர்த்து மோந்த கல்யாணம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

முழுவதும் அழித்துவிட்டால் வெறும் கண்ணாடி நன்றாக இருக்காது என்றார் ஒருவர். புதிதாக எழுதலாம் என்றால் சிவப்புப் பெயிண்ட் ஒர்க்‌ஷாப்பில் பூட்டிக் கிடந்தது. கடிகாரத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். சற்றுமுன் எதிரெதிராக நின்ற இரண்டு ஆங்கிலமும் இப்போது தோளோடு தோள் உரசிக்கொண்டு குனிந்திருந்தன.

தெய்வசிகாமணி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துக் கேட்டார். மாமா பொருள் சொன்னார். மெனி என்றால் பல. அவர் தலையாட்டியதும் அந்தோணி அதைத் துடைத்தார். ஹேப்பி என்றால் சந்தோஷம். இருக்கட்டும் என்றார். ரிட்டர்ன்ஸ் போயிற்று. 'ஆஃப்', 'த' இரண்டுக்கும் தமிழில் என்ன என்று மாமாவுக்குச் சொல்ல வரவில்லை. அதனாலேயே அவையும் போயின. டே என்றால் நாள். அது தங்கிற்று.

மேல் வரியின் நடுவில் ஒரு 'ஹேப்பி', கீழ் வரியின் ஓரத்தில் ஒரு 'டே'. இடையில் மண்ணெண்ணெய் தேய்த்த மங்கல்.

இரண்டே வார்த்தையில் வாக்கியம் எப்படி நிற்கும் என்று ராமபத்திரன் சார் முணுமுணுத்தார். "நிக்கும் சார்" என்றார் தெய்வசிகாமணி. "நாங்க நிக்கலியா?"

மறுநாள் காலை கோவிலில் என் நாத்தனார் ஸ்தானத்தில் யாரும் இல்லாததால், மூன்றாம் முடிச்சை யார் போடுவது என்று ஒரு குழப்பம் வந்தது. முந்தின நாள் வரவேற்புக்கு வராத தெய்வசிகாமணியின் மனைவி முன்னால் வந்து போட்டார். அந்த அம்மாள் வரமாட்டார் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தேன்.

சரியான தேதி

அடுத்த வருஷம் அதே நாள். தையல் இலையில் ஏதோ மடித்துக் கேரியரில் கட்டிக்கொண்டு தெய்வசிகாமணி குறிஞ்சிப்பாடியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், வாசலில் ராமபத்திரன் சார். பின்னால் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக அந்தோணி.

ராமபத்திரன் சார் உட்காரவில்லை. இந்த ஒரு வருஷமும் அவர் சும்மா இருக்கவில்லையாம். இலக்கணப் புத்தகங்களைப் புரட்டி, மெட்ராஸில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் மைத்துனனைக் கேட்டு, விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருந்தார். கல்யாணத்தன்று அந்த வாக்கியத்தைச் சொல்வது பிழை. ஆனால் கல்யாண நாள் வருஷம் திரும்பி வரும்போது சொல்வது முற்றிலும் சரி.

"நான் எழுதினது தப்பு இல்லம்மா. ஒரு வருஷம் முன்னாடி எழுதிட்டேன். அவ்வளவுதான்."

அப்படியொரு பிழைதிருத்தத்தை அவர் அதுவரை யாருக்கும் செய்து கொடுத்ததில்லை. அழித்த இடத்தில் மறுபடி எழுத அனுமதி கேட்டார். என்னைக் கேட்கவில்லை, வேலாயுதத்தைக் கேட்கவில்லை. தெய்வசிகாமணியைக் கேட்டார்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரிட்டர்ன்ஸ் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"பஸ்ல சொல்றாங்களே, ரிட்டனு, அதானே?"

அதேதான் என்றார் ராமபத்திரன் சார்.

"அத்த கண்ணாடில எதுக்கு எழுதிக்கினு? நான் வரேன் சார்."

அந்தோணி பெயிண்ட் டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அந்த நாளில் தெய்வசிகாமணி வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். சைக்கிள் மிதிக்க முடியாமல் போன பிறகு பஸ்ஸில் வந்தார். பிளாக் முனையில் இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"கோமதி, ரிட்டன் வந்திருக்கேன்."